உடைந்த காரைச் சரிசெய்து மறுபடி ஓட்டலாமா? ஜேம்ஸ் ஹண்ட்டின் வெற்றி பறிபோன கதை

அரூரில் இருந்து சித்தேரி மலைக்கு ஏறும் பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன நடக்கும்? டிரைவரும் கண்டக்டரும் இறங்கிப் பார்ப்பார்கள். சரியானால் பஸ் மறுபடி கிளம்பும். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் கார் ரேஸில் கதையே வேற. அடிபட்ட கார் திரும்ப ஓடலாமா, கூடாதா என்ற கேள்வி 1976ல் ஒரு உலக சாம்பியன் பட்டத்தையே ஆட்டிப் பார்த்தது. அதில் மாட்டியவர் ஜேம்ஸ் ஹண்ட். 2013ல் வந்த 'ரஷ்' படம் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும்.

1947 ஆகஸ்ட் 29ல் இங்கிலாந்தில் பிறந்தவர் ஹண்ட். அப்பா பங்குத் தரகர். பையன் டாக்டராக வேண்டும் என்பதுதான் வீட்டுத் திட்டம். ஆனால் 18 வயதில் சில்வர்ஸ்டோனில் ஒரு ரேஸ் பார்த்ததோடு அந்தத் திட்டம் காலி. விபத்தில் நொறுங்கிய ஒரு மினி காரை வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து தானே சரிசெய்தார். முதல் ரேஸுக்குக் கொண்டுபோனபோது, சோதனை அதிகாரிகள் ஏகப்பட்ட குறைகளைக் காட்டி காரை டிராக்கில் இறக்கவே விடவில்லை. சரிசெய்த கார் ஓடலாமா என்ற பஞ்சாயத்து, அவருக்கு முதல் நாளிலேயே ஆரம்பித்துவிட்டது!

ஃபார்முலா ஃபோர்டு, ஃபார்முலா 3 என்று மேலே வந்தபோது வேகத்தோடு விபத்துகளும் கூடவே வந்தன. 'ஹண்ட் தி ஷண்ட்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஷண்ட் என்றால் ரேஸ் பேச்சில் மோதல். 1973ல் ஹெஸ்கெத் என்ற பிரபுவின் அணி மூலம் ஃபார்முலா 1க்குள் நுழைந்தார். 1975ல் நெதர்லாந்தில் ஃபெராரியின் நிக்கி லாடாவை முந்தி முதல் வெற்றி. அந்த வருஷக் கடைசியில் அணியிடம் பணம் தீர்ந்துபோக, மெக்லாரனில் காலியான இடம் இவருக்குக் கிடைத்தது.

பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் நடந்தது என்ன?

1976 ஜூலை 18, பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ. முதல் வரிசையில் லாடாவும் ஹண்ட்டும். கிளம்பிய வேகத்தில் முதல் திருப்பத்திலேயே ஃபெராரியின் ரெகஸோனி, தன் சொந்த அணிக்காரரான லாடாவோடு உரசிச் சுழன்றார். பின்னால் வந்த ஹண்ட்டின் கார் அதில் ஏறி, இரண்டு சக்கரத்தில் சாய்ந்து, தொப்பென்று விழுந்தது. சஸ்பென்ஷன் காலி. உடனே சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தினார்கள். ஹண்ட் முழுச் சுற்றையும் சுற்றி வராமல், குறுக்கு வழியில் காரை பிட்டுக்குக் கொண்டுவந்தார். வினையே அங்கேதான்.

ரேஸ் முதலிலிருந்து தொடங்கும் என்றார்கள். ஆனால் முதல் சுற்றை முடிக்காதவர்களுக்கு இடமில்லை என்று அதிகாரிகள் சொல்ல, கூட்டம் கொந்தளித்தது. சொந்த ஊர்க்காரனை விடவில்லை என்றால் சும்மா இருப்பார்களா? கூச்சல், கைதட்டல், டிராக்கில் வந்து விழும் கேன்கள். அந்த வாக்குவாதம் நடந்த நேரத்துக்குள் மெக்லாரன் மெக்கானிக்குகள் அதே காரைச் சரிசெய்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஹண்ட் ஓட்டினார், பாதி ரேஸ் தாண்டி லாடாவை முந்தினார், ஜெயித்தார். ரெகஸோனியும் லஃபிட்டும் மாற்று கார்களில் கிளம்பி பாதியிலேயே வெளியேறினார்கள்.

ஃபெராரி விடவில்லை. பிரிட்டனில் அப்பீல் தள்ளுபடியானதும் பாரிஸுக்குப் போனது. இதற்கிடையே ஆகஸ்ட் 1ல் ஜெர்மனியில் லாடாவின் கார் தீப்பிடித்து, அவர் சாவின் விளிம்பு வரை போய், ஆறே வாரத்தில் கட்டுகளோடு திரும்பி வந்து ஓட்டினார். செப்டம்பர் 24ல் தீர்ப்பு வந்தது. ஹண்ட் தகுதி நீக்கம். அவருடைய 9 புள்ளிகள் போயின, இரண்டாம் இடத்துக்காக 6 வாங்கியிருந்த லாடாவுக்கு 9 ஆனது. மொத்தம் 12 புள்ளி வித்தியாசம்.

இதில் நியாயம் யார் பக்கம்? கொடி விழுந்தபோது கார் ஓட்டத்தில் இருந்ததா என்பதுதான் சட்டக் கேள்வி. அந்த வகையில் தீர்ப்பை முழுசாகத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ரேஸே பூஜ்யத்திலிருந்து தொடங்கியபோது, அதே காரைச் சரிசெய்து வந்தவர் யாருடைய இடத்தையும் திருடவில்லை. அன்றைக்கே ஓட விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பறித்தது கொஞ்சம் ஓவர்தான்.

ஹண்ட் அசரவில்லை. அடுத்து கனடா, அமெரிக்கா இரண்டையும் ஜெயித்தார். அக்டோபர் 24ல் ஜப்பானின் ஃபூஜியில் கடைசி ரேஸ். லாடா 68, ஹண்ட் 65. கொட்டும் மழையில் ஓட்டுவது ஆபத்து என்று லாடா விலகினார். ஹண்ட்டுக்குக் கடைசி நேரத்தில் டயர் போனது. மாற்றிக்கொண்டு திரும்பி வந்து மூன்றாம் இடம் பிடித்தார். 69க்கு 68. ஒரே ஒரு புள்ளியில் உலக சாம்பியன்.

இன்றைய விதி என்ன?

ஃபார்முலா 1ல் சிவப்புக் கொடி விழுந்தால், தானாகவே ஓடி பிட் லேனுக்கு வந்த காரைச் சரிசெய்யலாம், டயரும் மாற்றலாம். 2021ல் இமோலாவில் முன் விங் உடைந்த ஹாமில்டன் அந்த இடைவெளியில் தப்பித்து, இரண்டாவதாக முடித்தார். இது அதிர்ஷ்டத்துக்குக் கொடுக்கும் பரிசு என்று எதிர்ப்பவர்களும் உண்டு. ஓட்டத்தின் நடுவே ஆபத்தாக ஏதாவது தொங்கினால், ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி காட்டுவார்கள். பிட்டுக்கு வந்து சரிசெய்தால் மீண்டும் ஓடலாம். உலக ராலிப் போட்டியில் இன்று நின்ற கார், நேர அபராதத்தோடு நாளை வரலாம். அமெரிக்காவின் நாஸ்கார் 2017ல் ரிப்பேருக்கு 5 நிமிடக் கெடு வைத்தது.

ஹண்ட் 1979ல் பாதி சீசனிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். அதற்கு முந்தைய வருஷம் மோன்ஸாவில், எரியும் காரிலிருந்து ரோனி பீட்டர்சனை வெளியே இழுத்தவர்களில் அவரும் ஒருவர். பீட்டர்சன் மறுநாள் இறந்துபோனார். ஓய்வுக்குப் பிறகு பிபிசியில் முர்ரே வாக்கரோடு வர்ணனை செய்தார். வீட்டில் பட்ஜெரிகர் கிளிகள் வளர்த்தார். 1993 ஜூன் 15ல், விம்பிள்டன் வீட்டில் மாரடைப்பில் காலமானபோது அவருக்கு வயது 45. பிராண்ட்ஸ் ஹேட்ச் 1976 வெற்றி, பதிவேட்டில் இன்றும் லாடாவின் பெயரில்தான் இருக்கிறது.