டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிய மூன்று பேர்: வேலூர் சி.எம்.சி உருவான கதை தெரியுமா?

ஒரே இரவில் மூன்று கணவர்கள், ஒருவர் பின் ஒருவராக, ஒரு டாக்டரின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். டாக்டர் வீட்டில்தான் இருந்தார், கூட வரவும் தயாராக இருந்தார். ஆனாலும் விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

காரணம், அந்த டாக்டர் ஓர் ஆண்.

வேலூர் சி.எம்.சி மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட இரவு அது. பெரிய கட்டடம், நவீன சிகிச்சை, நாடு முழுவதிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கும் நோயாளிகள் என்றுதான் இன்று சி.எம்.சி நமக்குத் தெரியும். ஆனால் அதன் தொடக்கத்தில் இருந்தது வேறொரு பிரச்சினை. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, ஆனால் மக்களுக்கும் அவருக்கும் நடுவில் நம்பிக்கை இல்லை. அப்போது என்ன செய்வது?

யார் இந்த ஐடா?

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கிளம்பி வந்த மருத்துவ மிஷனரி. பிறகு சென்னைக்கு வந்தார். அப்பா ஜானும் டாக்டர், மிஷனரி. சித்தப்பா, பெரியப்பா என்று குடும்பமே இந்தப் பணியில் இருந்தது.

அப்படின்னா ஐடாவும் சின்ன வயதிலேயே டாக்டராக ஆசைப்பட்டிருப்பார் என்று நினைப்போம் இல்லையா? நடந்தது நேர்மாறு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்தைக் குழந்தையாக நேரில் பார்த்தவர் அவர். பசியில் சுருண்டு கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்த அந்த நாட்கள் அவர் மனதில் பயமாகவே தங்கிவிட்டன. படிக்க அமெரிக்கா போனதும், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் என்ற எண்ணத்தோடு.

அந்த இரவில் என்ன நடந்தது?

பிற்காலத்தில் ஐடாவே பலமுறை சொன்ன நிகழ்ச்சி இது. முதலில் வந்தவர் ஒரு பிராமணர். இளம் மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள், வந்து பாருங்கள் என்று ஐடாவிடம் கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதை ஏற்க முடியாமல் அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதன் பிறகு இன்னொரு இந்து. கோரிக்கையும் ஒன்று, பதிலும் ஒன்று, மறுப்பும் ஒன்று. காலையில் விசாரித்தபோது மூன்று வீட்டிலும் சாவு.

அந்த ஆண்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது சுலபம். ஆனால் மனைவியைக் காப்பாற்ற ராத்திரியில் ஓடி வந்தவர்களும் அவர்கள்தான். அந்தக் காலத்து வழக்கம் அவர்களுக்கு விட்டுவைத்திருந்தது ஒரே வழி: ஒரு பெண் வந்து பார்க்க வேண்டும். அந்தப் பெண் அங்கே இல்லை.

தான்தான் அந்தப் பெண்ணாக வேண்டும் என்று ஐடா முடிவு செய்தார்.

பட்டம் கிடைத்தது, பிறகு?

பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஐடா, நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றார். கார்னெலில் மருத்துவம் முடித்த முதல் பெண்களில் அவரும் ஒருவர். கிளம்பும் முன், ஒரு வங்கி அதிபர் தன் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை கொடுத்தார்.

1900-ன் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். பட்டமும் பணமும் கையில் இருந்தும், ஆரம்பத்தில் மக்கள் நெருங்கவே தயங்கினார்கள். பெண் டாக்டர் என்பதே புதுசு. கூடவே இருந்து கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய அப்பாவும் அதே ஆண்டு இறந்துபோனார்.

அப்போது கைகொடுத்தவர், அமெரிக்காவிலிருந்து கூடவே வந்த தோழி ஆனி ஹேன்காக். அவர் மத ஊழியர், மருத்துவர் அல்ல. வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது அவருடைய வேலை. கோஷா வழக்கத்தால் வெளியே வராத பெண்களுக்கு, ஊரில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறார் என்ற செய்தி இப்படித்தான் அடுப்படி வரை போய்ச் சேர்ந்தது. பங்களாவில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை, 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது.

சாலையோரமே கிளினிக்

மருத்துவமனைக்கு வர முடியாதவர்கள்? கிராமத்திலிருந்து வேலூர் வரை வர ஒரு நாள் கூலி போகும். வண்டி கிடைக்காது. வீட்டில் அனுமதியும் கிடைக்காது.

ஐடா குடியாத்தம் பக்கம் வாராவாரம் போய் வந்தபோது, வழியில் அவரை நிறுத்தி மக்கள் வைத்தியம் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சாலையோர மருந்தகம். 1900-களின் நடுவில் மாட்டு வண்டியில் தொடங்கிய இந்தப் பயணம், 1909-ல் ஒரு பியூஜோ காருக்கு மாறியது. ஒரு மரத்தடி, ஒரு மருந்துப் பெட்டி, காத்திருக்கும் கூட்டம். ஆறாத புண்ணுக்குக் கட்டு, கண் நோய்க்குச் சொட்டு மருந்து, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது என்று வேலை நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, டாக்டர் திரும்பத் திரும்ப வந்தார் என்பது. போன வாரம் கட்டுப் போட்டவரே இந்த வாரம் வந்து புண் ஆறியதா என்று கேட்டால், அடுத்த தடவை ஆபரேஷனுக்கு வேலூர் வரச் சொன்னாலும் கேட்பார்கள். ஒரு நாள் முகாம் போட்டுவிட்டுப் போகிறவர்களால் இதைச் சாதிக்க முடியாது.

ஒருவரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

எவ்வளவு ஓடினாலும் ஐடா ஒரே ஆள்தான். அவர் இல்லாத ஊரில் திண்டிவனம் இரவு மறுபடி மறுபடி நடந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே 1909-ல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். அடுத்ததாக, பெண்களுக்கு மருத்துவப் பள்ளி.

விண்ணப்பிக்க மூன்று பெண்கள் வந்தாலே பெரிய விஷயம் என்று மாகாண மருத்துவ உயர் அதிகாரி கருதினாராம். 1918-ல் வந்தவை 151 விண்ணப்பங்கள். முதல் அணியில் 14 பேர் 1922-ல் படிப்பை முடித்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிப் பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இனி கதவைத் தட்டுகிறவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசக்கூடிய, இந்த ஊர்ப் பெண்களே டாக்டராக வருவார்கள்.

பாசம் மட்டும் போதுமா?

போதாது. அதை ஐடா கற்றுக்கொண்டது 1930-களின் கடைசியில்.

வேலூரில் கொடுத்தது எல்.எம்.பி என்ற டிப்ளமா. இனி எம்.பி.பி.எஸ் தரத்தில்தான் மருத்துவப் படிப்பு இருக்க வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. அதற்குக் கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள், உயர்படிப்பு படித்த பேராசிரியர்கள் எல்லாம் தேவை. அரசு கேட்டதில் நியாயமும் இருந்தது. அன்பான டாக்டர் நல்ல பயிற்சி பெற்ற டாக்டராகவும் இருக்க வேண்டும் என்று நோயாளி எதிர்பார்ப்பது தப்பில்லையே.

கல்லூரி மூடப்படும் நிலை. 70 வயதைத் தாண்டிய ஐடா, உலகப் போர் நடந்த காலத்தில், நிதி திரட்ட அமெரிக்கா போனார். இன்னொரு சிக்கலும் இருந்தது. நிதி உதவிக்காக ஆண்களையும் சேர்க்கும் யோசனை வந்தபோது, பெண்களுக்காகவே பணம் கொடுத்த பழைய ஆதரவாளர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். நெடுநாள் உறவுகளில் விரிசல் விழுந்தது. ஐடா கடைசியில் கல்லூரியைக் காப்பாற்றும் பக்கம் நின்றார். 1942-ல் எம்.பி.பி.எஸ் வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். பிறகு டாக்டர் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

1960 மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. மிஷனரி மருத்துவத்தில் மதப் பிரசாரமும் கலந்திருந்தது. அதை ஐடாவோ ஆனியோ மறைக்கவில்லை. பெண்ணை ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற வழக்கத்தை எதிர்க்காமல், அதற்கு இடம்கொடுத்துத்தானே போனார் என்றும் கேட்கலாம். ஆனால் வழக்கம் மாறும்வரை பிரசவங்கள் காத்திருக்காது. பெண்களைப் பூட்டி வைத்த அதே வழக்கத்தையே காரணமாகக் காட்டி, பெண்களை டாக்டர்களாக்கினார் என்பதும் உண்மை.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

சி.எம்.சி 1977-ல் கே.வி.குப்பத்தில் ருஹ்சா என்ற ஊரக நலத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கிராம சுகாதார செவிலியருக்குத் தன் பகுதியில் எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்திருக்கும். அந்த வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

இப்போது டோக்கன், ஆப், ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வந்துவிட்டன. அவையும் தேவைதான், வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகிறது. ஆனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டவர் எதற்காக நிறுத்தினார் என்பது எந்த ஆப்பிலும் பதிவாகாது. தெரிந்த முகம் ஒன்று வாசலில் வந்து நின்று கேட்டால்தான் அவர் சொல்வார்.