தாயின் கவலைக்குப் பெயர் தந்த டாக்டர்

கொடைக்கானல் மலையில், பூம்பாறைக்கு அப்பால் கூக்கால் என்ற சிற்றூர் இருக்கிறது. ஏரியும் சோலையும் சூழ்ந்த ஊர். மலைச் சரிவில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன.

அங்கே ஒரு தாய், பிள்ளையை வரப்பில் உட்கார வைத்துவிட்டுக் களை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பிள்ளை திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று பயப்படுகிறாள். ஆனால், தூரத்தில் பஸ் சத்தம் கேட்டதும் அதே பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது! பெற்றவளின் குரலுக்கு மட்டும் ஏன் திரும்பவில்லை?

இதைப் போன்ற கவலையோடு, 1938-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தாயும் தந்தையும் ஒரு டாக்டரைத் தேடிப் போனார்கள். அவர்தான் டாக்டர் லியோ கானர்.

கவிதை எழுதிய இளைஞர்

கானர் 1894-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர், இன்றைய உக்ரைன் நாட்டில் உள்ள ஒரு சிறு கிராமம். யூதக் குடும்பம். இளமையில் கவிஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிழைப்புக்கு மருத்துவம் படித்தார். முதல் உலகப்போரில் ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தார். போர் முடிந்தபின் படிப்பை முடித்து, 1921-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1924-ல் மனைவி, மகளுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. பிறகு பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு மாறினார். 1930-ல் அங்கே குழந்தைகளுக்கென்றே ஒரு மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1935-ல் குழந்தை மனநலம் பற்றிப் பெரிய நூல் எழுதினார்.

33 பக்கக் கடிதம்

மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். அதன் பெயருக்குக் காடு என்று பொருள். அங்கிருந்து ஒரு தந்தை, தம் மகனைப் பற்றி 33 பக்கங்களில் ஒரு கடிதம் அனுப்பினார்.

பையன் பெயர் டொனால்டு. வயது 5. ஒரு வயதிலேயே ராகங்களைச் சரியாக முணுமுணுத்தவன். நல்ல ஞாபகசக்தி. ஆனால், யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தனியாக விட்டால்தான் மகிழ்ச்சி. உருண்டையான பொருள் எது கிடைத்தாலும் சுழற்றிக்கொண்டே இருப்பான். ஒரு சிறு பழக்கம் மாறினாலும் கதறி அழுவான்.

கடிதத்தைக் கானர் ஒதுக்கித் தள்ளவில்லை. வரி வரியாகப் படித்தார். பையனை வரவழைத்துப் பார்த்தார். இதே போன்ற வேறு குழந்தைகளையும் கவனித்தார். 1943-ல், 8 ஆண் குழந்தைகள், 3 பெண் குழந்தைகள், ஆக 11 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தக் குணம் பிறவியிலேயே வருவது என்று அதில் எழுதினார். அதுதான் இன்று ஆட்டிசம் என்று அழைக்கப்படுகிறது. தான் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

டாக்டர் செய்த தவறு

ஆனால், பெரிய மனிதரும் தவறு செய்வது உண்டு. இந்தப் பெற்றோரில் பலர் பாசம் காட்டாதவர்கள் என்றும் கானர் எழுதிவிட்டார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தாயிடம் அன்பில்லாததே காரணம் என்று ஊரெல்லாம் பேச்சானது. ஏற்கெனவே நொந்துபோன தாய்மார் மீது பழியும் விழுந்தது!

1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் கானர் எழுந்தார். பெற்றோர் மீது குற்றம் இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பழி சுமந்திருந்த பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். 1981-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, தமது 86-வது வயதில் அவர் காலமானார்.

எதைக் கவனிக்க வேண்டும்?

கானருக்குப் பின் ஆராய்ச்சி வெகுதூரம் வளர்ந்துவிட்டது. பெற்றோர் வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளங்கள் இவை.

9 மாதம் ஆகியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது. சிரித்தால் பதிலுக்குச் சிரிக்காதது.

1 வயது ஆகியும், டாட்டா காட்டுவது போன்ற சைகைகள் இல்லாதது.

ஒன்றரை வயது ஆகியும், நிலாவையோ காக்காயையோ விரல் நீட்டி நமக்குக் காட்டாதது.

2 வயது ஆகியும், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது.

எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோவது.

இவற்றில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காது கேளாமையாகவும் இருக்கலாம். அதை டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதுதான் தவறு. மருந்து கொடுத்து மாற்றும் நோய் அல்ல இது. ஆனால், சிறு வயதிலேயே பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. கண் திருஷ்டியும் காரணமல்ல, தடுப்பூசியும் காரணமல்ல.

முதலில் அங்கன்வாடியில் சொல்லுங்கள். அங்கே குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் அரசு மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள். அவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு வழி காட்டுவார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

டொனால்டு என்ன ஆனான்? கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினான். பாங்கியில் வேலை பார்த்தான். கார் ஓட்டக் கற்றான். தனியாகப் பல நாடுகளைச் சுற்றினான். சொந்த ஊரார் அவனைத் தங்களில் ஒருவனாகவே வைத்துக்கொண்டார்கள். 2023-ல், 89 வயதில் இறந்தான்.

பெயர் வைத்தவர் கானர். முதலில் கண்டுகொண்டவர்களோ பெற்ற தாயும் தந்தையும். கூக்காலில் வரப்போரம் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கும் தாய்க்கும் அந்தக் கண் உண்டு. அவள் தன் சந்தேகத்தை மனசுக்குள் பூட்டி வைக்காமல் வாய் திறந்து சொல்லட்டும். வீட்டில் உள்ளவர்கள் அவளை அதட்டாமல் காது கொடுத்துக் கேட்கட்டும்.