மாயக் கதை சொன்ன புதுமைப்பித்தன்

சென்னை மாநகரின் கடற்கரையை அறியாதார் இலர். இன்று தெற்கே பெசன்ட் நகர் வரையில் வீடுகளும் வீதிகளும் நெருங்கிவிட்டன. 1930-களில் அந்நகர் தோன்றவில்லை. அக்காலத்து எழுத்தாளர்கள் கூடியது திருவல்லிக்கேணியை அடுத்த மெரினா மணலில்தான். கையில் பணம் இல்லாத இளைஞர்க்கு அம்மணற்பரப்பே கல்விக் கழகமாய் விளங்கியது. படித்த கதையை ஒருவர் சொல்வார், மற்றொருவர் மறுப்பார், விளக்குகள் ஏற்றப்பட்ட பின்னரும் வாதம் ஓயாது. அக்கூட்டத்தில் உரத்த சிரிப்பும் கூரிய கிண்டலும் உடையவர் ஒருவர் இருந்தார். அவரே புதுமைப்பித்தன்.

அவர்தம் இயற்பெயர் விருத்தாசலம். 1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க ஊழியர். வேலை மாறுந்தோறும் குடும்பமும் ஊர் மாறியது. தாயாரை இளமையிலேயே இழந்தார். 1918இல் குடும்பம் சொந்த ஊராகிய திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கு இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பிள்ளை அரசாங்க உத்தியோகம் பார்ப்பான் என்பதே அந்நாளில் பெற்றோர் பலருடைய எண்ணம். இவரோ எழுத்தையே தொழிலாக நம்பினார். அவ்வாண்டே திருவனந்தபுரத்துக் கமலாம்பாளை மணந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார்.

1933இல் தொடங்கிய மணிக்கொடி என்னும் பத்திரிகை அவருக்கு இடம் தந்தது. பி.எஸ். ராமையா அதனைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய காலத்தில் சி.சு. செல்லப்பா, சிட்டி முதலியோர் அதனைச் சூழ்ந்திருந்தனர். பொருள் வருவாய் சிறிது; வாசிப்போ பெரிது. பிரெஞ்சு நாட்டு மாப்பசான், ருசிய நாட்டுச் செகாவ் முதலியோரின் கதைகளை ஆங்கில வாயிலாகப் படித்து, நண்பர்கள் ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தனர். நல்ல நூல் ஒருவர் கைக்குக் கிடைத்தால், அது பலர் கைகளில் உலவிய பின்னரே உரியவரிடம் மீளும். மீளாமற்போனதும் உண்டு போலும்!

இவ்வாறு படித்தவற்றைத் தமிழர்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்னும் வேட்கை புதுமைப்பித்தனுக்கு மிகுதி. பல நாட்டுச் சிறுகதைகளை அவர் மொழிபெயர்த்தார். பிரேத மனிதன் என்னும் பெயரில் அவர் தமிழாக்கிய நாவலின் வரலாறு சுவையானது. 1815இல் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானில் பரவியமையால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போயிற்று. ஜெனிவா ஏரிக் கரையில் தங்கியிருந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும் ஷெல்லியும் அவர்தம் நண்பரும் மழையால் வெளியே செல்ல இயலாது, பேய்க் கதைகளைப் படித்துப் பொழுது போக்கினர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். அங்கிருந்த மேரி என்னும் பதினெட்டு வயது நங்கை புனைந்ததே பிராங்கன்ஸ்டைன். பிணங்களின் உறுப்புக்களைக் கொண்டு ஓர் உயிரைப் படைத்த அறிஞன், தன் படைப்பைக் கண்டே அஞ்சி ஓடுகின்றான். கைவிடப்பட்ட அவ்வுயிர் அவனைப் பழிவாங்குகின்றது. 1818இல் வெளியான அந்நூலை அறிவியற் புனைகதைகளின் தாய் என்பர் பலர். நண்பர்களின் வாசிப்பிலே பிறந்த அக்கதை, நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்து, மற்றொரு நண்பர் குழுவைச் சேர்ந்தவரால் தமிழுக்கு வந்தது.

பிறர் நூலை ஆசிரியர் பெயர் சொல்லி மொழிபெயர்த்தல் வேறு. ஊரையும் பேரையும் மாற்றித் தழுவி எழுதுதல் வேறு. தழுவலை அவர் கடுமையாகத் தாக்கினார். அதுபற்றிப் பத்திரிகைகளில் பெரும் வாதம் எழுந்தது. ஆயினும் அவருடைய கதைகளுட் சில மாப்பசான் கதைகளைத் தழுவியவை என ஆய்வாளர் பின்னர்க் காட்டியுள்ளனர். பெரியோர் வரலாற்றில் இத்தகைய முரணை மறைத்தல் நேர்மையன்று.

ஆனால், அவர்தம் சொந்த மாயக் கதைகளோ எவரிடமும் கடன் பெற்றவை அல்ல. கட்டில் பேசுகிறது என்னும் கதையில் மருத்துவமனைக் கட்டிலே வாய் திறக்கின்றது. காலனும் கிழவியும் என்பதில், உயிரைக் கவர வந்த எமன் ஓர் ஏழைக் கிழவியிடம் தோற்றுத் திரும்புகின்றான். கடல் கொண்டதாகப் பழைய நூல்கள் கூறும் கபாடபுரம் மற்றொரு கதையில் கண்முன் எழுகின்றது. காஞ்சனையைப் படித்தவர், வேலைக்கு வந்த பெண் பேயா மானிடமா என்று துணிய இயலாது திகைப்பர்.

1943இல் வெளியான கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் இவற்றுள் தலைசிறந்தது. பிராட்வே முனையில் நின்ற சித்த வைத்தியப் பத்திரிகையாசிரியர் ஒருவரிடம், கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கின்றார். இருவரும் காபி அருந்துகின்றனர். வந்தவர் கடவுள் என்று அறிந்தபின் பிள்ளை கேட்டது வரமன்று. பத்திரிகைக்கு ஆயுட் சந்தா! விருந்தினராய்ப் பிள்ளையின் வீட்டிற்குச் சென்ற கடவுள், அவர்தம் சிறு மகளோடு விளையாடி மகிழ்கின்றார். கூத்தாடிப் பிழைக்கலாம் என்று முயன்று, அதிலும் தோல்வியுறுகின்றார். பணமின்றிச் சென்னையில் வாழ்ந்து பார்த்தவரே இக்கதையை எழுதியிருக்க இயலும்.

தினமணியிலும் பின்னர்த் தினசரியிலும் பணியாற்றிய அவர், இறுதியில் திரைப்படத் துறையை நாடினார். ராஜமுக்தி என்னும் படத்திற்கு உரையாடல் எழுதப் புனே சென்றார். அங்குக் காச நோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில் உயிர் நீத்தார். அப்போது வயது நாற்பத்திரண்டு. மகள் தினகரி இரண்டு வயதுக் குழந்தை. அவர் எழுதிய காலம் பதினைந்து ஆண்டுகளே. கதைகளோ ஏறத்தாழ நூறு. இளைய நண்பராகிய தொ.மு.சி. ரகுநாதன் அவர்தம் வரலாற்றை 1951இல் நூலாக்கினார். 2002இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.