காகித விமானமும் அல்போன்ஸ் பெனோவும்

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையை யாம் பூவத்தில் எம் சிற்றன்னையார் இல்லத்திற் கழித்தோம். பூவம் என்பது காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளதோர் ஊர், கடலுக்கு அணித்தானது. காரைக்கால் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு தேசத்தில் உறவினர் உளர் என்பதை அன்பர்கள் அறிவர். அவ்வாறே எம் சிற்றன்னையாரின் மைத்துனர் குடும்பமும் பாரிசு மாநகரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தது. அவர்தம் இளைய மகன் பெட்டியினின்று ஒரு சிறு கருவியை எடுத்து, ஒரு தாளை மடித்துச் செய்த காகித விமானத்தில் அதனைப் பொருத்தி, கையிலிருந்த திறன்பேசியை இப்பாலும் அப்பாலும் சாய்க்க, அவ்விமானம் அவன் சாய்த்த பக்கமெல்லாம் திரும்பிப் பறந்தது. கடற்காற்று மிகுந்த மாலைப்பொழுதில் அது தடுமாறிற்று. காற்று அடங்கிய விடியற்காலையிலோ மணல்மேட்டைச் சுற்றி வட்டமிட்டு எம் காலடியிலேயே வந்திறங்கியது.

இக்கருவியின் அமைப்பு எளிது. மூக்கிலே சிறியதொரு மின்கலமும், திறன்பேசியின் செய்தியைப் புளூடூத் வழியே ஏற்கும் உறுப்பும் உள்ளன. அங்கிருந்து மெல்லியதொரு கரிநார்க் கோல் பின்னோக்கிச் செல்கிறது. அதன் கடைக்கோடியில் சுழல்விசிறி ஒன்றும் சுக்கான் ஒன்றும் அமைந்துள்ளன. இவ்வகைக் கருவியை இஸ்ரேல் நாட்டு ஷாய் கோய்ட்டெய்ன் என்பவர் பவர்அப் என்னும் பெயரால் 2013ஆம் ஆண்டில் உலகோர்முன் வைத்துப் பொதுமக்களிடம் பொருள் திரட்டியபோது, பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை சேர்ந்தது. இதனை ஓட்டுவோன் இரண்டே செயல்களைச் செய்கிறான்: விசிறியின் வேகத்தைக் கூட்டியுங் குறைத்தும் விமானத்தை ஏற்றி இறக்குகிறான், சுக்கானைத் திருப்பி இடமும் வலமும் செலுத்துகிறான். முன்பின்னாகக் கவிழாமல் நிற்பதற்கு அவன் ஒன்றுமே செய்வதில்லை. அது தானே நிற்கிறது.

அஃது எங்ஙனம் தானே நிற்கிறதென்று வினவப் புகுந்தபோதுதான் யாம் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞரின் சரித்திரத்தைக் கண்டடைந்தோம். விமான சாத்திரம் பயில்வோர் அனைவரும் இவர் பெயரை அறிவர். நம் காரைக்கால் எந்தக் கொடியின்கீழ் இருந்ததோ அந்தக் கொடிக்குரிய நாட்டில் வாழ்ந்தும், அவரைப்பற்றி ஈண்டுப் பேசுவோர் ஒருவரையும் யாம் கண்டிலோம். ஆதலின் அவர்தம் வாழ்க்கையை எம்மால் இயன்ற அளவு சொல்லத் துணிந்தோம்.

பெனோ 1850ஆம் ஆண்டு மே திங்கள் 31ஆம் நாள் பாரிசு நகரிற் பிறந்தார். தந்தையார் கடற்படையில் அட்மிரல் பதவி வகித்தவர். மைந்தரும் அவ்வழியே கடல்மேற் செல்லவேண்டியவரே. ஆனால் இளமையிலேயே இடுப்பெலும்பைப் பற்றிய கொடுநோய் அவர் நடையைக் கெடுத்தது. கடற்படை அவரை ஏற்கும் வாய்ப்பு அற்றது. கோலூன்றி நடக்கும் நிலையை அடைந்த அவ்விளைஞர், கப்பலை இழந்தபின் பறவைகளை நோக்கலானார். நடக்கவியலாதவர் பறக்க நினைத்தார் என்று சொல்லிச் சிலர் இதனைக் கதையாக்குவர். எமக்கு அது முற்றும் உண்மையென்று தோன்றவில்லை. கருவிகளின்பால் அவர்க்கிருந்த தீராத ஆசையே போதிய காரணமாகும்.

அக்காலத்தில் மனிதர் வானிற் செல்லவில்லை என்பதன்று. 1783ஆம் ஆண்டு முதலே வாயுக்கூண்டுகள் பாரிசின் மேல் ஏறியிருந்தன. ஆனால் அவை காற்று இழுத்த வழியே போகும். காற்றினும் கனமானதொரு பொறி தன் விசையால் தானே பறக்கக்கூடும் என்று சொல்வோரைப் பலரும் எள்ளினர். அத்தகைய சிறு பொறிகளைச் செய்து பார்த்தவர்களுக்கும் இடையூறு ஒன்று இருந்தது. விசைக்கு எதனைப் பயன்படுத்துவது? வில்லின் நாண் ஒரு நொடியில் தளர்ந்துவிடும். கடிகாரச் சுருள்வில் கனமானது. நீராவிப் பொறியோ அதனினும் கனமானது. பெனோ தம் இருபதாவது வயதில், 1870இல், முறுக்கிய ரப்பர் இழைகளைக் கொண்டார். ரப்பர் மெல்லியது; முறுக்கினால் நிறைந்த ஆற்றலைத் தன்னுள் அடக்கும்; விட்டால் சீராக அவிழும். அவ்விழையால் சுழலும் இரு விசிறிகளை மேலுங் கீழுமாகப் பூட்டி, நேரே மேலெழும் விளையாட்டுப் பொறி ஒன்றைச் செய்தார். இவ்விளையாட்டுப் பொறியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு வேலை உண்டு.

அவ்வாண்டே பிரான்சின்மேல் பேரிடர் வந்தது. பிரஷியப் படை பாரிசை முற்றுகையிட்டது. நகரத்தார் வாயுக்கூண்டுகளில் கடிதங்களை ஏற்றி வெளியே அனுப்பினர். முற்றுகை நீங்கியபின் உள்நாட்டுக் கலகம் மூண்டது. 1871ஆம் ஆண்டு மே திங்களில் துய்லரி அரண்மனை தீக்கிரையாயிற்று. அவ்வரண்மனையைச் சார்ந்த பூங்காவில்தான், மூன்று திங்கள் கழித்து, ஆகஸ்டு 18ஆம் நாள், பெனோ தம் புதிய பொறியை ஏந்தி நின்றார். எரிந்த சுவர்கள் அருகே நிற்க, வான்வழிச் சங்கத்தைச் சேர்ந்த அறிஞர் சிலர் சூழ்ந்து நோக்க, இருபத்தொரு வயதினரான அவர் ரப்பர் இழையை முறுக்கி அதனைக் கைவிட்டார். அது 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் நேரே பறந்து சென்று இறங்கியது.

பிளானோபோர் என்று அவர் பெயரிட்ட அப்பொறியின் நீளம் 50 சென்டிமீட்டர். சிறகின் அகலம் 45 சென்டிமீட்டர். எடை 16 கிராம், அதில் ரப்பர் 5 கிராம். நாம் வகுப்பில் எழுதும் தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம். ஆகவே முழுப் பொறியும் மூன்று தாள்களின் எடை. அதன் எஞ்சினோ ஒரு தாளின் எடை! விசிறி பின்னே, வாலின் கடைக்கோடியில், தள்ளும் வகையாய் இருந்தது. பூவத்து மணலிற் பறந்த காகித விமானத்திலும் விசிறி அவ்விடத்தே இருந்ததைக் கண்டபோது யாம் வியப்புற்றோம்.

ஆயினும் விசிறியினும் வாலே பெரிது. தாளை மடித்து விமானம் விடாத மாணாக்கர் எவருமிலர். அது சிலபோது மூக்குக் குப்புற வீழ்வதையும், சிலபோது செங்குத்தாக எழுந்து பின்னோக்கிச் சரிவதையும் கண்டிருப்பர். இவ்விரண்டுக்கும் இடையே அதனை நிறுத்துவதெங்ஙனம்? பெனோ கண்ட வழி இது. பளுவின் நடுவிடம் சிறகின் தூக்குவிசை நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னே இருக்கவேண்டும். அப்போது மூக்கு எஞ்ஞான்றும் தாழவே முயலும். பின்னே உள்ள வாலை, சிறகினும் சற்று முன்விளிம்பு தாழ்ந்ததாக அமைத்தால், காற்று அதனைக் கீழ்நோக்கி அழுத்தும். வால் தாழ மூக்கு நிமிரும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மூக்குத் தாழ்ந்து வேகம் மிகுமாயின் வாலின்மேல் அழுத்தமும் மிகும், மூக்கு நிமிரும். மூக்கு மிக நிமிர்ந்து வேகம் குறையுமாயின் அழுத்தமும் குறையும், மூக்குத் தாழும். ஓட்டுவோன் இல்லாமலே பொறி தன்னைத்தான் திருத்திக்கொள்கிறது. காகித விமானத்தின் பின்விளிம்பைச் சிறுவர் நகத்தால் சற்றே மேல்நோக்கி வளைத்துவிடுவது இதே செயலாகும். அவர்க்குக் காரணம் தெரியாது, பயன் தெரியும். இங்கிலாந்தில் ஜார்ஜ் கெய்லி என்பார் பெனோவுக்கு நெடுங்காலம் முன்னரே வாலின் பயனை ஆராய்ந்திருந்தார். எனினும் தன் விசையாற் செல்லும் பொறியொன்று நிலைகுலையாமல் பறந்ததை மக்கள் கண்ணாரக் காணச் செய்தவர் பெனோவே.

நிற்க. அதன்பின் அவர் சிறகடித்துப் பறக்கும் பொறிப்பறவை ஒன்றையும் 1872இல் செய்தார். 1875இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவர் ஆராய்ச்சிக்குப் பரிசளித்தது. விளையாட்டுப் பொறிகளோடு அவர் உள்ளம் அடங்கவில்லை. மனிதரைத் தாங்கும் விமானத்தைக் கட்டவேண்டும் என்று விரும்பி, பால் கோஷோ என்னும் கம்மியரோடு கூடி, 1876இல் அதற்குரிய உரிமைப் பத்திரம் பெற்றார். அப்பத்திரத்திலுள்ள விமானத்தை இன்று நோக்குவார்க்கு வியப்பு மிகும். நீரினின்றும் நிலத்தினின்றும் எழக்கூடியது. எதிரெதிர் சுழலும் இரு விசிறிகள் உடையது. சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்வது. ஓட்டுவோர் அமரும் இடத்துக்குக் கண்ணாடிக் கவிகை உடையது. ஏற்றமும் திருப்பமும் ஒரே கைப்பிடியால் நடத்தப்படுவது. எடை 1200 கிலோ என்றும், 20 முதல் 30 குதிரைத்திறன் வேண்டுமென்றும் அவர் கணக்கிட்டிருந்தார். இவையெல்லாம் பின்னாளில் மெய்யாகவே விமானங்களில் வந்தமைந்தன.

ஆனால் அந்த எஞ்சின் எங்கே? அக்காலத்து நீராவிப் பொறிகள் கொதிகலமும் கரியும் நீருமாக மலையெனக் கனத்தன. ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் புதிய வாயு எஞ்சினைச் செய்ததும் அதே 1876ஆம் ஆண்டே. அதுவும் தரையில் ஊன்றி நிற்கத் தக்கதேயன்றி வானிற் செல்லத் தக்கதன்று. வயிரம் போன்ற திட்டம் ஒருவர் கையில். அதற்குரிய கருவி உலகில் இன்னும் பிறக்கவில்லை. இதனைப் பிறர் உணர்ந்திருந்தாலும் அவரைப் பொறுமையாயிருக்கச் சொல்லித் தேற்றியிருக்கலாம். அவர்க்குக் கிடைத்ததோ ஏளனமும் புறங்கூற்றுமே. பின்னாளில், 1894இல், பறக்கும் பொறிகளின் வரலாற்றை எழுதிய ஆக்டேவ் சனூட் என்னும் எஞ்சினியர் இக்கொடுமையை மனம் நொந்து குறித்துள்ளார்.

பொருளுதவி தேடிய பெனோ, கடைசியாக அன்றி ஷிபார் என்பவரை நாடினார். ஷிபார் 1852இலேயே நீராவியால் செல்லும் வாயுக்கப்பலை ஓட்டிப் புகழ்பெற்றவர்; கொதிகலங்களுக்கு நீரூட்டும் கருவியைக் கண்டு பெருஞ்செல்வம் ஈட்டியவர். வானின் அருமையை அறிந்தவரே கைகொடாரேல் வேறு யார் கொடுப்பர்? அவரும் கைகொடுத்திலர். ஏன் கொடுத்திலர் என்று ஆராய்ந்து அவரைப் பழிக்க எமக்கு மனம் ஒருப்படவில்லை. அவரும் பார்வை குன்றி, துயரத்துள் மூழ்கி, 1882இல் பெனோ சென்ற வழியே சென்றவர்.

பெனோ தம் வரைபடங்களையெல்லாம் சவப்பெட்டி வடிவிலமைந்த சிறு பேழையொன்றில் இட்டு, ஷிபார் இல்லத்திற் சேர்ப்பித்தார். பின் தம் இல்லம் மீண்டு, 1880ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், தம் முப்பதாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இச்செய்தியை முதன்முறை படித்த இரவில் எமக்கு உறக்கம் வரவில்லை. அவர் செயலை நியாயமென்று கொள்ள யாம் ஒருப்படோம். ஆயினும் அவ்விளைஞரின் இல்லத்துக்கு அன்று மாலை நண்பர் ஒருவர் வந்திருந்தால் என்னும் நினைவு எம்மை விட்டு நீங்கவில்லை. ஏனெனில் அவர் அறியாத செய்தி ஒன்று கடலுக்கு அப்பால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது.

1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மில்ட்டன் ரைட் என்னும் திருச்சபை அத்தியட்சர் ஒருவர், பயணத்தினின்று இல்லம் திரும்புகையில், தம் மைந்தர் இருவருக்கு விளையாட்டுப் பொருளொன்று வாங்கி வந்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் கொண்டு, முறுக்கிய ரப்பரால் நேரே மேலெழும் பொறி அது. பெனோவின் 1870ஆம் ஆண்டுப் பொறியே. மூத்தவன் வில்பருக்கு வயது பதினொன்று, இளையவன் ஆர்வில்லுக்கு ஏழு. பொறி உடையும்வரை ஆடிய அச்சிறுவர், உடைந்தபின் தாமே அதுபோன்றவற்றைச் செய்தனர். பெரிதாய்ச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்ததையும் கண்டனர்.

அவ்விருவரும் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஏறத்தாழ 80 கிலோ எடையில் 12 குதிரைத்திறன் தரும் எஞ்சின் ஒன்றைத் தாமே செய்வித்து, கிட்டி ஹாக் மணல்வெளியில் முதன்முதல் பறந்தனர். அம்முதற் பறப்பு 12 நொடி. தூரம் 120 அடி, அஃதாவது 37 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. துய்லரிப் பூங்காவில் பெனோவின் 16 கிராம் பொறி சென்ற தூரம் அதனினும் சிறிது மிகுதி! ரைட் சகோதரர் தாமும் தொடக்கத்தில் பெனோவின் வாலை ஏற்றிலர்; ஏற்றியிறக்கும் பலகையைச் சிறகுக்கு முன்னே வைத்தனர். அவ்விமானம் நொடிதோறும் ஓட்டுவோன் கையை எதிர்பார்த்து நின்றது. 1910இல் அவர்களும் அப்பலகையைப் பின்னே கொண்டுபோயினர்.

விடுமுறையின் கடைசி நாளன்று பூவத்துக் கடற்கரையில் எம் தம்பியின் விமானம் பலமுறை மூக்குக் குப்புற மணலில் வீழ்ந்தது. மின்கலம் தளர்ந்ததென்று அவன் வருந்தினான். யாம் அதனை வாங்கி, பின்விளிம்பு இரண்டையும் நகத்தால் சற்றே மேல்நோக்கி வளைத்துக் கொடுத்தோம். திறன்பேசியைத் தொடாமலே அவன் அதனைக் கைவிட, அது சவுக்குத் தோப்பின் பக்கமாக நேரே சென்றது.