மகனைப் பிரிந்த தாய், குழந்தைகளின் கையில் நிறங்களைத் தந்த டாக்டர்: மரியா மாண்டிசோரி சென்னையில் என்ன செய்தார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கும் பல இளம் பெற்றோருக்கு வாழ்க்கையே ஷிப்ட் கணக்குதான். குழந்தை பாட்டியிடமோ, அங்கன்வாடியிலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கும். வீடு திரும்பி போனைத் திறந்தால் கலர் அரிசி, கலர் மாவு, ‘சென்சரி ப்ளே’ என்று ரீல்ஸ் வரிசை கட்டும். ‘நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் செஞ்சு தரலையே’ என்ற குற்ற உணர்வும் கூடவே வரும்.

தொட்டு, பார்த்து, கேட்டுக் கற்கும் இந்த முறையின் முக்கியமான வேர் ஒன்று, ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கிறது. அதை வளர்த்தெடுத்தவர் நம்ம அடையாறில் வாழ்ந்தவர். சொந்தக் குழந்தையை அருகில் வைத்து வளர்க்க முடியாமல் போனவரும்கூட.

யார் இந்த மரியா மாண்டிசோரி?

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாராவல்லே ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமான அந்தக் காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளைப் பார்த்ததுதான் திருப்புமுனை. வெறும் அறை, கையில் எடுத்து விளையாட ஒரு பொருள்கூடக் கிடையாது. இவர்களுக்கு மருந்தைவிட, கைக்கும் கண்ணுக்கும் வேலை தேவை என்று அவருக்குத் தோன்றியது. இடார்ட், செகுவின் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகளைத் தேடிப் படித்து, தொட்டு உணரும் பொருட்களை வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார்.

சொல்லாமல் மறைத்த பிள்ளை

1898-ல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். தந்தை, உடன் பணியாற்றிய டாக்டர் மொன்டெசானோ. இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் டாக்டர் வேலையும் பெயரும் போய்விடும் என்ற நிலை. குழந்தை கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். அம்மா அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். மரியோ அவருடன் சேர்ந்து வாழத் தொடங்கியது பதின்பருவத்தில்தான். அதன் பிறகும் வெளியுலகுக்கு அவர் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றே அறிமுகமானார்.

ஊர்க் குழந்தைகளுக்காக உழைத்தவரின் வாழ்க்கையில் இந்தப் பிரிவும் இருந்தது.

தொழிலாளர் குடியிருப்பில் ஒரு அறை

ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். தனியாக விடப்பட்ட பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி, சுவரில் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்கினார்கள். இவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கட்டட நிர்வாகம் மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6 அன்று அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

அங்கே என்ன இருந்தது? குழந்தை உயரத்துக்கு மேசை நாற்காலி. சிறிதும் பெரிதுமான மரக்கட்டைகள். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகள். குலுக்கினால் ஓசை தரும் பெட்டிகள். வண்ண நூல் சுற்றிய பட்டைகள். இந்தப் பட்டைகளில் 8 நிறம், ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிர் வரை 8 சாயல், மொத்தம் 64.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். நிறம் மட்டுமே மாறும். அதனால் குழந்தையின் கவனம் நிறத்தில் நிற்கும். கட்டைகளில் அளவு மட்டும் மாறும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வித்தியாசம். பல பொருட்களில், தப்பாக வைத்தால் அது பொருந்தாமல் நின்று தானே காட்டிக்கொடுக்கும். பெரியவர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டியதில்லை.

அடையாறுக்கு எப்படி வந்தார்?

முதலில் ஆதரவு தந்த முசோலினி அரசுடன் உறவு முறிந்து, 1934-ல் இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் அவரை பார்சிலோனாவிலிருந்தும் துரத்தியது. 1939-ல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவரது மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில், மரியோவுடன் சென்னை வந்தார். அடையாறில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அவருக்கு 70 வயது நிறைந்த ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி, வைஸ்ராய் மரியோவை விடுவித்தார். அதைத் தெரிவித்த தந்தியில் மரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. நாற்பது வருடமாக வெளியே சொல்லாத உறவை ஒரு அரசுத் தந்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டது.

பிறகு கொடைக்கானலில் தங்கி, இலை, பூச்சி, மண் என்று இயற்கையையே பாடமாக்கினார். 1946-ல் ஐரோப்பா திரும்பினாலும், மீண்டும் இந்தியா வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். மரியோ தாயின் பணியை 1982-ல் இறக்கும் வரை தொடர்ந்தார்.

விலை உயர்ந்த முறையா இது?

இன்று ‘மாண்டிசோரி’ என்றாலே ரொம்ப ஃபீஸ் வாங்கும் ஸ்கூல் ஞாபகம்தான் வரும். ஆனால் இந்தியாவில் இதை எளிமையாக்கியவர்கள் முன்பே இருந்தார்கள். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-ல் பாலமந்திர் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945 முதல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் உள்ளூரில் கிடைக்கும் பொருட்களை வைத்தே சிறு குழந்தைகளுக்குக் கற்பித்தார். முற்றத்தில் நடக்கும் பள்ளி என்ற பொருளில் ‘அங்கன்வாடி’ என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது.

நம்ம ஊர் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதும், விஜயதசமி அன்று நெல்லில் ‘அ’ எழுத வைப்பதும்கூட விரல் வழிப் பாடம்தானே!

வீட்டில் என்ன செய்யலாம்?

நிறம்: ஒரே அளவு அட்டைத் துண்டுகளில் சிவப்பு, நீலம், மஞ்சள் தையல் நூலைச் சுற்றுங்கள். நிறத்துக்கு இரண்டு. ஜோடி சேர்ப்பதுதான் விளையாட்டு.

தொடுதல்: பட்டு, பருத்தி, டவல் துணிகளில் இவ்விரண்டு துண்டுகள். கண்ணை மூடிக்கொண்டு ஜோடி தேட வேண்டும்.

ஓசை: ஒரே மாதிரி டப்பாக்களில் உப்பு, பயறு, கொண்டைக்கடலை. மூடியை டேப் போட்டு இறுக்கிவிடுங்கள்.

கலர் மாவு: இது மாண்டிசோரியின் பொருள் வரிசையில் கிடையாது; ஆனாலும் பிசையும் விரல்களுக்கு நல்ல வேலை. 2 கப் மைதா, 1 கப் உப்பு, கொஞ்சம் எண்ணெய், தேவையான தண்ணீர். நிறத்துக்கு பீட்ரூட் சாறு, மஞ்சள், கீரைச் சாறு. மஞ்சள் மாவில் சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் சிவந்துவிடும், ஆரத்தித் தண்ணீர் மாதிரி.

உப்பு அதிகம் என்பதால் இந்த மாவைத் தின்ன விடக் கூடாது. மூன்று வயதுக்குள் மணி, கடலை போன்ற சிறு பொருட்களைக் கையில் தர வேண்டாம், தொண்டையில் அடைக்கும். தண்ணீரில் ஊதும் ஜெல் மணிகள் வேண்டவே வேண்டாம், விழுங்கினால் குடலில் பெரிதாகி அடைத்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் கண் பார்வையில் இருப்பது அவசியம்.

அந்தப் பெரியவர் பாட்டியாக இருக்கலாம், அங்கன்வாடி டீச்சராக இருக்கலாம், நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பாவாகவும் இருக்கலாம். சான் லொரென்ஸோவின் அந்த அறையே, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத் திறந்ததுதான்.