பிரேக்குக்குத் தோல் அடிக்கச் சொன்ன அம்மா

பழைய அம்பாசடர் ஒண்ணோட பின் சக்கரத்தைக் கழட்டி, டிரம்மை உருவிப் பார்த்திருக்கீங்களா? உள்ளே பிறை மாதிரி ரெண்டு ஷூ இருக்கும். அது மேல ஒட்டியோ ரிவெட் அடிச்சோ ஒரு லைனிங். பிரேக் மிதிக்க மிதிக்க அந்த லைனிங்தான் தேயும். தேய்ஞ்சதை மாத்திட்டா ஷூவும் டிரம்மும் தப்பிச்சிடும். இதை முதன்முதலா ஒரு காரில் செய்ய வச்சவர் என்று சொல்லப்படுபவர், எந்தக் காலேஜிலும் இன்ஜினியரிங் படிக்காதவர் மக்களே. பேர் பெர்தா பென்ஸ்.

1849 மே 3-ம் தேதி ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத காலம் அது. கார்ல் பென்ஸ் என்ற இன்ஜினியரைக் காதலித்தார். கார்லுக்கும் அவருடைய தொழில் பார்ட்னருக்கும் ஒத்துவரவில்லை. பெர்தா தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கி, அந்தப் பார்ட்னரின் பங்கை விலைக்கு எடுக்கக் கொடுத்தார். 1872-ல் கல்யாணம். 1886 ஜனவரி 29-ல் மூணு சக்கர மோட்டார் வண்டிக்குப் பேடன்ட் பதிவானது. அதில் இருந்தது கார்ல் பேர் மட்டும்தான்.

வண்டி ரெடி, ஆனா வாங்கத்தான் ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில், ஒரு நாள் காலையில் பெர்தா கணவரிடம் சொல்லாமலேயே வண்டியை எடுத்தார். கூட மகன்கள் ரெண்டு பேர்: ஆய்கனுக்கு 15 வயசு, ரிச்சர்டுக்கு 13. மான்ஹைமிலிருந்து அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல.

வழியில பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊத்தினார். எரிபொருள் குழாய் அடைச்சுக்கிட்டப்போ தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். இக்னிஷன் ஒயர் உரசினப்போ, காலுறையைப் பிடிச்சிருந்த பட்டையைச் சுத்தி இன்சுலேஷன் ஆக்கினார். ஏத்தத்தில் பசங்க இறங்கித் தள்ளினாங்க.

இறக்கம் அதைவிட மோசம். யோசிச்சுப் பாருங்க, மேலே ஏறினப்போ சேர்ந்த ஆற்றலில் நிறைய, இறங்கும்போது பிரேக்கில் வெப்பமா மாறணும். பிரேக் கட்டைகள் தேய்ஞ்சுபோச்சு. பௌஷ்லாட் என்ற ஊரில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, அந்தக் கட்டைகள் மேல தோலை வச்சு ஆணி அடிக்கச் சொன்னார். பிடிப்பும் கிடைச்சது, கட்டையும் தப்பிச்சது. பிரேக் லைனிங்கின் கதை அங்கேதான் ஆரம்பம்.

1902-ல் லூயி ரெனோ டிரம் பிரேக் கொண்டுவந்தார். தோல் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது, அதுவும் போய் வேறு கலவைகள் வந்தன. ஆனா தத்துவம் அதேதான். அதனால பழைய காரில் ஷூ மாத்தும்போது மூணு விஷயம் மறக்காதீங்க. ஒரு அச்சில் ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, இல்லைன்னா பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஆனா ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரிங்க. எந்த ஸ்பிரிங் எங்கேன்னு சந்தேகம் வந்தா மறுபக்கத்தைப் பார்த்துக்கலாம். உள்ளே இருக்கிற தூசியை ஏர் பிடிச்சு ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைங்க.

பெர்தா அன்று சாயங்காலம் ஊர் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாளில் திரும்பி வந்து, மலை ஏற இன்னொரு கியர் வேணும் என்றார். கார்ல் அதைச் சேர்த்தார். இன்னைக்கு நாம டெஸ்ட் டிரைவ், ஃபீட்பேக்னு சொல்றது இதைத்தானே?

கார்ல் படித்த கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1944 மே 3-ல் பெர்தாவுக்குக் கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. அன்று அவருக்கு 95 வயசு. ரெண்டு நாள் கழிச்சு, மே 5-ல் லாடன்பர்க் வீட்டில் காலமானார்.