நீதியைத் தமிழில் தந்த வேதநாயகர்

வழக்கு மன்றத்தில் நாம் வழங்கும் சொற்களுக்கு நெடிய வரலாறு உண்டு. வக்கீல், முன்சீப், ஜப்தி என்பன அரபு மொழியில் தோன்றிப் பாரசீகத்தின் வாயிலாக நம்மை அடைந்தவை. கோர்ட், ஜட்ஜ், அப்பீல் என்பன ஆங்கிலேயர் கொணர்ந்தவை. ஆயினும் அவையும் அவர்தம் சொந்தச் சொற்கள் அல்ல. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவை. தம் வழக்கு தமக்கே விளங்காமல் இடர்ப்பட்ட ஆங்கிலேயர், வாதங்கள் ஆங்கிலத்தில் நிகழ வேண்டுமென்று 1362-இல் சட்டம் செய்துகொண்டனர். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அதே குறையைத் தமிழருக்குத் தீர்க்கத் தனியொருவராய் முனைந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள்.

அவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11 அன்று சவரிமுத்துப் பிள்ளையின் மைந்தராய்ப் பிறந்தார். ஆங்கிலமும் தமிழும் கற்றுத் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராய் அமர்ந்தார், பின்பு மொழிபெயர்ப்பாளரானார். கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்ற எழுத்தர்களுக்கு அத்தொடக்கம் ஊக்கந் தருவதன்றோ! நாளடைவில் மாவட்ட முன்சீப்பாக உயர்ந்து தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார்.

நிலத்தை இழந்த உழவன், இழந்த காரணத்தைத் தானே படித்தறிய இயலாத காலம் அது. உயர்மன்றத் தீர்ப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக 1862-இல் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே ஆகும். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் அச்சேற்றியபோதும், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் வழங்காத குறையை அதனுள் வன்மையாக எடுத்துரைத்தார்.

1876-இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளை ஈந்து ஏழைகளின் பசி தீர்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வள்ளன்மையைக் கீர்த்தனை பாடிப் போற்றினார். 1889 ஜூலை 21 அன்று வேதநாயகர் மறைந்தார்.

அவர் எண்ணம் இன்னும் முழுதும் நிறைவேறவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே. எனினும் நாம் வாழும் இத்தலைநகரில் உள்ள உச்சநீதிமன்றம், 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. அவற்றைப் படித்துணரவும், நாளை தாமே மொழிபெயர்க்கவும் வல்லவராக மந்திர் மார்க் வாழ் நம் மக்கள் வளர வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் பயிலும் நம் சிறார்க்கு வீட்டில் நாள்தோறும் சிறிது நேரமேனும் தமிழ் படிப்பிப்போமாக. வேதநாயகருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.